எந்த ஆய்வுக்கு விருது கொடுக்கலாம்? தொலைநிலைக் கல்வி பற்றி வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தொலைநிலை, இணையவழிக் கல்வி ஆய்வுகளுக்கென்று தனியாக விருது எதற்கு? கல்வி ஆய்வு என்றால் எல்லாம் ஒன்றுதானே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஒன்று இல்லை சார். வகுப்பறையில் மாணவர் உங்கள் கண்முன்னால் இருக்கிறார், தூங்கினாலும் தெரியும், வராவிட்டாலும் தெரியும். தொலைவில் இருந்து படிப்பவர் அப்படியே ஒருநாள் நின்றுவிடுவார், ஏன் நின்றார் என்று கேட்க ஆள் இருக்காது. இந்தத் துறையின் முக்கால்வாசிக் கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. தொலைநிலைக் கல்வி ஆய்வாளர் மைக்கேல் ஜி. மூர் 1970களிலேயே சொன்ன விஷயம்தான்: இங்கே பிரச்சினை எத்தனை கிலோமீட்டர் என்பதில் இல்லை, கற்பிப்பவருக்கும் கற்பவருக்கும் நடுவே புரிதலில் விழும் இடைவெளியில் இருக்கிறது. இருவருக்கும் இடையே உரையாடல் கூடினால் அந்த இடைவெளி குறையும், பாடத்திட்டம் இறுகிப்போனால் அது விரியும்.

பொதுவான கல்வி ஆய்விதழ்கள் இதையெல்லாம் ரொம்ப நாள் இரண்டாந்தரமாகவே பார்த்தன. அதனால் இந்தத் துறைக்காரர்கள் தங்களுக்கென்று அமைப்பும் இதழும் கட்டிக்கொண்டார்கள். அஞ்சல்வழிக் கல்விக்காரர்கள் 1938-இல் கனடாவில் கூடித் தொடங்கிய அமைப்புதான் இன்று ஐசிடிஇ என்ற பெயரில் ஆஸ்லோவில் இருந்து இயங்குகிறது. 2000-இல் கனடாவின் அதாபாஸ்கா பல்கலைக்கழகம் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கிற மாதிரி ஓர் ஆய்விதழ் தொடங்கியது. விருதுகளும் இதே வரிசையில் வந்தவைதான்.

கேள்வி: யார் யார் தருகிறார்கள்?
- இளம் விரிவுரையாளர்

பதில்: ஐசிடிஇ தருகிறது. ஐரோப்பாவில் ஈடன் என்ற வலையமைப்பு தன் மாநாட்டில் சிறந்த ஆய்வுக்கட்டுரைக்கு விருது தருகிறது. காமன்வெல்த் நாடுகளின் தொலைநிலைக் கல்வி அமைப்பான காமன்வெல்த் ஆஃப் லேர்னிங் தருகிறது, ஆசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் தன் ஆண்டு மாநாட்டில் தருகிறது. விதிகளும் பிரிவுகளும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் விருதுத் தேர்வுக் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள். வந்திருக்கும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுதான்: 'நாங்கள் இணையவழியில் நடத்தினோம், வகுப்பறையை விட மதிப்பெண் கூடியது.' எதை எடுப்பது, எதைத் தள்ளுவது?
- பேராசிரியை

பதில்: முதலில் உங்களுக்கு என் அனுதாபம். இந்த 'அதா இதா' ஒப்பீடு இந்தத் துறையைப் பிடித்த பழைய வியாதி. 1999-இல் தாமஸ் ரஸ்ஸல் இப்படிப்பட்ட 355 ஆய்வறிக்கைகளைத் திரட்டி, 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்ற முடிவுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டினார். அதற்கும் முன்னால், 1983-இல், ரிச்சர்ட் கிளார்க் எழுதினார்: மளிகைச் சாமான் கொண்டுவரும் லாரி நம் உடம்பில் சத்து ஏற்றுவதில்லை, அதுபோலத்தான் பாடத்தைக் கொண்டுவரும் ஊடகமும். ஆக, எந்த வண்டியில் வந்தது என்று மட்டும் கேட்கிற கட்டுரையை நீங்கள் தைரியமாக ஓரமாக வைக்கலாம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2004-இல் ராபர்ட் பெர்னார்டும் அவருடைய குழுவும் 232 ஆய்வுகளை ஒன்றாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். சராசரி வேறுபாடு பூஜ்யத்துக்குப் பக்கத்தில். சரி, இதுதான் தெரியுமே என்று தோன்றும். அவர்கள் கவனித்தது அந்தச் சராசரிக்கு இரு பக்கமும் முடிவுகள் எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கின்றன என்பதை. சில தொலைநிலைப் படிப்புகள் வகுப்பறையைத் தூக்கி அடித்தன, சில படுமோசமாகத் தோற்றன. அப்படியானால் 'எது மேல்' என்ற கேள்வியே தப்பு, 'நன்றாக நடந்த படிப்பில் அப்படி என்ன நடந்தது' என்றுதான் கேட்கவேண்டும். ஒரு துறை கேட்கும் கேள்வியையே திருப்பிவிட்டதே, அதைத்தான் நான் சிறந்த ஆய்வு என்பேன்.

அடுத்து, ஒவ்வொரு கட்டுரையிலும் முடிவுரையைப் படிக்கும் முன் அட்டவணையைப் பாருங்கள். முதல் வாரத் தேர்வை எழுதியவர்கள் 400 பேர், கடைசித் தேர்வை எழுதியவர்கள் 130 பேர் என்று வையுங்கள் (எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை). முதல் சராசரி அந்த 400 பேருடையது, இரண்டாவது சராசரி மிச்சமிருந்த 130 பேருடையது. நடுவில் காணாமல் போன 270 பேரும் பெரும்பாலும் தடுமாறிக்கொண்டிருந்தவர்கள் என்றால், ஒருவருக்கும் ஒன்றும் புதிதாகப் புரியாமலேயே சராசரி ஏறிவிடும்! கட்டுரையோ 'கற்றல் அடைவு உயர்ந்தது' என்று எழுதியிருக்கும். திருப்திக் கருத்துக்கணிப்பும் இதே லட்சணம்தான், கடைசி வாரம் வரை தாக்குப்பிடித்தவரிடம் 'பிடித்திருந்ததா' என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? அந்த 270 பேரில் பத்துப் பேரையாவது தேடிப் பிடித்துப் பேசிய ஆய்வு ஒன்று உங்கள் குவியலில் இருந்தால், மொழிநடை கொஞ்சம் சுமாராக இருந்தாலும், என் ஓட்டு அதற்குத்தான்.

இன்னொன்று, இணையவழிக் குழுவுக்குப் படிக்கக் கூடுதல் நேரமோ கூடுதல் பாடப்பொருளோ கிடைத்ததா என்றும் பாருங்கள். அமெரிக்கக் கல்வித் துறைக்காக நடந்து 2010-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சல்லடை போட்டதில் ஒழுங்கான ஒப்பீடு என்று 50தான் தேறின. அவற்றில் இணையவழிக்குச் சற்று சாதகமான முடிவு வந்தது உண்மை. ஆனால் கூடுதல் நேரம் போன்றவை அந்தப் பலனுக்குக் காரணமாக இருக்கலாம் என்று அந்த அறிக்கையே எச்சரித்தது. அந்த நேர்மைக்கும் மதிப்பெண் போடுங்கள்.

கேள்வி: இலவச மூக் (MOOC - யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய பெரிய இணையப் படிப்பு) படிப்புகளில் பத்தில் ஒருவர்கூட முடிப்பதில்லையாமே? அப்புறம் அதைப் பற்றி ஆய்வு என்ன, விருது என்ன?
- மென்பொருள் துறையில் இருக்கும் வாசகர்

பதில்: எண் சரிதான். கேட்டி ஜோர்டன் 2014-இல் எழுதிய கட்டுரையில், சராசரி மூக் ஒன்றில் சேர்பவர்கள் ஏறக்குறைய 43,000 பேர், முடிப்பவர்கள் 6.5 விழுக்காடு என்று கணக்கு வந்தது. ஆனால் முடிக்காதவர் எல்லாம் தோற்றவரா? 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் ரெனே கிசில்செக் குழு செய்த ஆய்வு, வந்தவர்களை நடத்தையை வைத்துப் பிரித்துப் பார்த்தது. முடித்தவர்கள், தேர்வு எழுதாமல் காணொளி மட்டும் பார்த்தவர்கள், பாதியில் விலகியவர்கள், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் என்று நாலு வகை. எட்டிப் பார்க்க வந்தவரையும் இடைநின்றவரையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமில்லையே.

அதே கிசில்செக்கும் கூட்டாளிகளும் 2020-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு எனக்கு அதைவிடப் பிடித்தது. சிறிய சோதனைகளில் அற்புதமாக வேலை செய்த உத்திகளை ('எப்போது, எங்கே உட்கார்ந்து படிப்பேன்' என்று முன்கூட்டியே எழுதவைப்பது போன்றவை) கிட்டத்தட்ட 250 படிப்புகளில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் போட்டுப் பார்த்தார்கள். திட்டம் எழுதவைத்ததில் முதல் சில வாரங்கள் ஈடுபாடு கூடியது, படிப்பை முடிப்பவர் எண்ணிக்கை கூடவில்லை. பழைய சோதனைகளில் கண்ட பலனைவிட இது ரொம்பச் சின்னது. 'நாங்கள் நினைத்த அளவுக்கு இல்லை' என்று இத்தனை பெரிய ஆய்வுக்குப் பின் பகிரங்கமாகச் சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. விருதுக் குழுக்களோ வெற்றிக் கதையையே தேடுகின்றன, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: இவ்வளவு ஏன், மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுத்துவிட்டால் சண்டையே இல்லையே?
- நூலகர்

பதில்: சண்டை இருக்காது, நியாயமும் இருக்காது. ஆய்வை மதிப்பிட ஆய்விதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற கணக்கை) பயன்படுத்தாதீர்கள் என்று 2012-லேயே சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வந்துவிட்டது. இந்தத் துறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2009-இல் ஓலாஃப் சவாக்கி-ரிக்டர் குழு ஐந்து முக்கிய ஆய்விதழ்களில் வந்த 695 கட்டுரைகளை வகைப்படுத்தியபோது, பாதிக்கு மேல் கற்பித்தல், கற்றல் என்ற நுண்ணளவிலேயே நின்றன. செலவு, மேலாண்மை, யாருக்கு வாய்ப்புப் போய்ச் சேருகிறது, யாருக்குச் சேரவில்லை என்பதை எழுதியவர்கள் கொஞ்சம்பேர்தான். கொஞ்சம்பேர் எழுதும் விஷயத்தை மேற்கோள் காட்டவும் கொஞ்சம்பேர்தான் இருப்பார்கள்.

கேள்வி: கொரோனாக் காலத்தில் நடந்த இணைய வகுப்புகள் பற்றிய என் கட்டுரையை அனுப்பலாமா?
- முனைவர் பட்ட மாணவர்

பதில்: தாராளமாக. ஆனால் அதற்கு 'இணையவழிக் கல்வி பற்றிய ஆய்வு' என்று பெயர் போடாதீர்கள். மாதக்கணக்கில் திட்டமிட்டு வடிவமைத்த இணையப் படிப்பு வேறு, ஒரே வாரத்தில் அவசரமாக மாறிய தொலைக் கற்பித்தல் வேறு என்று 2020 மார்ச்சிலேயே சார்ல்ஸ் ஹாட்ஜஸ் முதலானோர் எழுதிவிட்டார்கள். அதைக் கவனிக்காத கட்டுரையை நடுவர்கள் இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவார்கள்.

கேள்வி: பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுதச் சொல்லலாம்?
- அதே மாணவர்

பதில்: உங்கள் வழிகாட்டி 'கடின உழைப்பாளி, நல்ல குணம்' என்று எழுத ஆரம்பித்தால் மெதுவாகத் தடுத்துவிடுங்கள். இந்த ஆய்வுக்கு முன்னால் என்ன நம்பினார்கள், இப்போது எதை மாற்றிக்கொள்ளவேண்டியிருக்கிறது, இதைப் பார்த்து எந்தப் படிப்பிலாவது எதையாவது மாற்றினார்களா, இந்த மூன்றும் இருந்தால் போதும். தரவையும் கேள்வித்தாளையும் பொதுவில் வைத்திருந்தால் அதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது போய் நிற்காதீர்கள், பிறகு அவர் போன வருடம் வேறொருவருக்கு எழுதிய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றித் தந்துவிடுவார்.