இளம் கேட்சரைக் கொடுத்துவிட்டு ரிலீவர் ஒருவரை வாங்குவது பேஸ்பால் அணிக்கு நன்மையா?

கொடுக்கக் கூடாது என்பதே என் பதில். கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதை முடித்துத் தர நம்பகமான ரிலீவர் (ஆட்டத்தின் இடையில் மாற்றாக இறங்கும் பந்துவீச்சாளர்) இல்லை என்பதால், முதல் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) நன்றாக ஆடிக்கொண்டிருக்க அவருக்கு அடுத்த இடத்தில் காத்திருக்கும் இளைஞரை டிரேடு செய்யலாமா, அதாவது வேறு அணிக்குக் கொடுத்து வீரரை மாற்றிக்கொள்ளலாமா என்று உங்கள் நண்பர்களுக்குள் வாதம் நடக்கிறது என்று உங்கள் கேள்வியிலிருந்து ஊகிக்கிறேன். இதே வாதத்தை நான் 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் மினியாபொலிஸ் அலுவலகம் ஒன்றின் உணவு அறையில் தனி ஆளாக நின்று நடத்தியிருக்கிறேன். அது இன்றும் மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

அப்போது எங்கள் ஊர் அணியான மினசோட்டா ட்வின்ஸின் நிலைமை இதுதான். பல ஆண்டுகளாகக் குளோசராக, அதாவது கடைசி இன்னிங்ஸை முடித்துத் தரும் ரிலீவராக இருந்த ஜோ நேதன் முழங்கை அறுவைச் சிகிச்சையால் அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனார். அவருடைய இடத்தில் ஜான் ராவ்ச் வீசிக்கொண்டிருந்தார். பெரிய பெயர் இல்லாவிட்டாலும் அந்த ஆண்டு அவர் கணக்கில் 21 சேவ்கள் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்ததற்கான கணக்கு) இருக்கின்றன. கேட்சர் ஜோ மாவர் பக்கத்து ஊரான செயின்ட் பாலில் பிறந்து வளர்ந்தவர், அந்த மார்ச் மாதத்தில்தான் 8 ஆண்டுகளுக்கு 18 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டவர். கீழ்நிலை அணியில் வெனிசுவேலாவைச் சேர்ந்த 22 வயதுக் கேட்சர் வில்சன் ராமோஸ் இருந்தார். மே மாதத் தொடக்கத்தில் மாவருக்குக் குதிகாலில் அடிபட்டபோது மேலே அழைக்கப்பட்டு, முதல் இரண்டு ஆட்டங்களிலேயே 7 ஹிட் (பந்தை அடித்துப் பேஸை எட்டுவது) அடித்தவர் அவர். ஜூலை 29 அன்று அவரை வாஷிங்டன் நேஷனல்ஸ் அணிக்குக் கொடுத்து, ரிலீவர் மாட் கேப்ஸை வாங்கினார்கள்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். கேப்ஸ் அந்த ஆண்டின் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் (சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்து நடத்தும் ஆட்டம்) வெற்றி பெற்ற பிட்சர், அதாவது பந்துவீச்சாளர். அணியின் புதிய டார்கெட் ஃபீல்டு மைதானம் நாள்தோறும் நிரம்பிக்கொண்டிருந்தது. இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்ற பேச்சு ஊரெங்கும் இருந்தது. இது தவறான டிரேடு என்று நான் சொன்னபோது, முப்பது ஆண்டுகளாக இந்த அணியைப் பின்தொடரும் மூத்த சக ஊழியர் ஒருவர், கிரிக்கெட் நாட்டிலிருந்து வந்தவருக்கு ஒன்பதாவது இன்னிங்ஸின் பாரம் தெரியாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் சொன்ன காரணங்களில் ஒன்றுக்குக்கூட அவர் பதில் சொல்லவில்லை.

கேட்சரின் வேலை எனக்குப் புரிந்தது என் மகன் மூலமாகத்தான். அந்தக் கோடையில் அவனுக்குப் பத்து வயது. பகுதிச் சிறுவர் அணியில் கேட்சராக உட்கார வேறு யாரும் முன்வராததால் அவனை உட்கார வைத்தார்கள். ஆட்டத்துக்கு முன் அவன் காலில் முழங்கால் காப்பைக் கட்டும்போது கொக்கிகள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்பக்கம் இருந்தால் ஓடும்போது ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் என்பதைக்கூட நான் மெல்லத்தான் கற்றுக்கொண்டேன். மாலை நேரங்களில் கார் ஷெட்டில் அவனுக்கு முன்னால் தரையில் படும்படி டென்னிஸ் பந்துகளை எறிவேன். கையுறையால் பிடிக்கப் பார்க்காமல் முழங்காலில் விழுந்து, முகவாயை நெஞ்சோடு அழுத்தி, பந்தைத் தன் உடம்பால் தடுத்து முன்னால் விழச் செய்யப் பழகினான். ஒருநாள் மட்டையில் உரசி வந்த உண்மையான பந்து ஒன்று அவன் தோள்பட்டை எலும்புக்குக் கீழே பட்டு, நாவற்பழ நிறத்தில் கன்றிப்போய் இரண்டு வாரம் அப்படியே இருந்தது. பத்து வயதுச் சிறுவன் எறியும் பந்துக்கே இந்தக் கதி என்றால், மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்துக்கு எதிரே ஆண்டுக்கு 120 ஆட்டங்கள் குந்தி உட்காருகிறவரின் உடம்பு என்ன பாடுபடும்?

விக்கெட் கீப்பரைப் போன்றவர் என்று சொன்னால் கேட்சரின் வேலையில் பாதிதான் விளங்கும். அடுத்த பந்து எந்த வகையில், எந்த மூலைக்கு வர வேண்டும் என்று பிட்சருக்குச் சொல்வதும் அவர்தான். ஓர் ஆட்டத்தில் ஏறத்தாழ 150 பந்துகள் என்றால் அத்தனையிலும் அவர் கை இருக்கிறது. முழுநேரக் கேட்சர் ஒரு பருவத்தில் ஆயிரம் இன்னிங்ஸ் வரை உட்காருகிறார். குளோசர் வீசுவது 60 அல்லது 70 இன்னிங்ஸ். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன், யாரும் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு பெரிய காரணம் சேவ் என்னும் கணக்கு. மூன்று ரன் முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸில் வந்து, இரண்டு ரன் கொடுத்து முடித்தாலும் அது சேவ்தான். ஏழாவது இன்னிங்ஸில் மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க, ஒரு ரன் முன்னிலையைக் காப்பாற்றிவிட்டு இறங்குகிற ரிலீவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. 1969-இல் அதிகாரப்பூர்வமாக்கப்பட்ட இந்த எண் சம்பளத்தையும் டிரேடு விலையையும் தீர்மானிப்பது எனக்கு இன்றும் ஆறாத கோபத்தைத் தருகிறது. 2009 டிசம்பரில் இதே கேப்ஸை வேண்டாமென்று பிட்ஸ்பர்க் அணி விட்டுவிட்டது. வாஷிங்டன் ஒரு வீரரைக்கூடக் கொடுக்காமல் அவரை ஒப்பந்தம் செய்தது. ஏழு மாதத்தில் அவர் பெயரில் 26 சேவ்கள் சேர்ந்தன, ஓர் இளம் கேட்சரின் விலைக்கு அவர் உயர்ந்துவிட்டார்.

கேப்ஸ் மோசமாக வீசினார் என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்டு ட்வின்ஸுக்காக 16 சேவ்கள் எடுத்தார், அணியும் 94 ஆட்டங்களை வென்று பிரிவில் முதலிடம் பிடித்தது. ஆனால் கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றில் நியூயார்க் யாங்கீஸிடம் மூன்று ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றோம். எந்த ஆட்டத்திலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் காப்பாற்றுவதற்கு முன்னிலை என்று ஒன்று இருக்கவில்லை. 2011-இல் கேப்ஸுக்கு 71.5 லட்சம் டாலர் சம்பளம். கையிலிருந்த 9 சேவ் வாய்ப்புகள் தவறின. கால்களில் பலவீனம் ஏற்பட்டு மாவர் 82 ஆட்டங்கள்தான் ஆடினார். அணி 99 ஆட்டங்களில் தோற்றது. ராமோஸோ, குறைந்தபட்சச் சம்பளமான 4,14,000 டாலரை ஒட்டிய தொகைக்கு வாஷிங்டனில் 15 ஹோம் ரன் அடித்தார். 2016-இல் ஆல்-ஸ்டார் ஆனார்.

நடந்து முடிந்த பிறகு யாரும் இப்படிப் பேசலாமே என்று சிலர் கேட்கக்கூடும். 2010 ஜூலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததை மட்டுமே நான் காரணமாகச் சொன்னேன். மாவர் ஆறடி ஐந்து அங்குல உயரம் உள்ளவர். 2004-இல் தன் முதல் பருவத்திலேயே முழங்கால் காயத்தால் 35 ஆட்டங்களோடு நின்றவர். ராமோஸ் மேலே வந்ததே மாவரின் குதிகால் காயத்தால்தான். வாஷிங்டனிடம் இவான் ராட்ரிகஸ் என்ற மாபெரும் கேட்சர் இருந்தும், அவருக்கு 38 வயது ஆகிவிட்டதை அறிந்து அடுத்தவரைத் தேடினார்கள்.

எல்லா இளம் கேட்சர்களும் தேறிவிடுவார்கள் என்றும் நான் வாதிடவில்லை. 2018 ஜூலையில் பிராட் ஹேண்ட், ஆடம் சிம்பர் என்ற இரண்டு ரிலீவர்களைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து பிரான்சிஸ்கோ மெஹியாவை வாங்கிய சான் டியேகோ, இரண்டரை ஆண்டுக்குள் அவரையும் வேறு அணிக்கு அனுப்பிவிட்டது. எதிர்ப்பக்கத்தில், 1997-இல் சியாட்டில் அணி ரிலீவர் ஹீத்கிளிஃப் ஸ்லோகம்புக்காக ஜேசன் வாரிடெக் என்ற கேட்சரையும் டெரெக் லோ என்ற பிட்சரையும் பாஸ்டனுக்குக் கொடுத்தது. அவ்விருவரும் 2004-இல் கோப்பைக்கான பாஸ்டனின் 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த அணியில் இருந்தார்கள்.

ஆகவே உங்கள் நண்பர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: முதல் கேட்சர் நாளையே காயப் பட்டியலுக்குப் போனால், மறுநாள் மட்டைவரிசையில் யார் பெயரை எழுதுவார்கள்? எங்களுக்கு 2011-இல் அந்த இடத்தில் வந்தவர் ட்ரூ புடேரா. நல்ல தடுப்பாட்டக்காரர்தான், ஆனால் அந்த ஆண்டு அவருடைய மட்டை சராசரி .167, அதாவது ஏறத்தாழ ஆறு முயற்சிக்கு ஒரு ஹிட். டிரேடுக்கு மறுநாள் மதியம் இதே கேள்வியை நான் கேட்டபோது, மாவர் இருக்கிறாரே, மாவர் இருக்கிறாரே என்றுதான் அந்த மூத்த சக ஊழியர் திரும்பத் திரும்பச் சொன்னார்.