சாம்பலுக்குள் நெருப்பு

கேள்வி: எங்கள் மொட்டை மாடியில் நாலைந்து நட்சத்திரங்கள்தான் தெரிகின்றன. எங்கோ இருக்கும் கேலக்ஸியில் ஆண்டுக்கு இவ்வளவு நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்று எப்படிச் சொல்கிறார்கள்? அதற்கு அகச்சிவப்பு எதற்கு?
- கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: என் அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். பெட்டிக்குள் கரியின் மேல் சாம்பல் படர்ந்துவிட்டால் கனல் தெரியாது. பெட்டியைக் கன்னத்தருகே கொண்டுபோய், "இன்னும் ரெண்டு புடவைக்குத் தாங்கும்" என்பார். நீறு பூத்த நெருப்பை அளப்பது அப்படித்தானம்மா.

நட்சத்திரங்கள் பிறப்பது வாயுவும் தூசியும் அடர்ந்த மேகங்களுக்குள். அவற்றில் பெரியவை புறஊதா ஒளியைக் கொட்டிவிட்டுச் சீக்கிரமே எரிந்து முடிந்துவிடும். ஆகவே அந்த ஒளி இருந்தால், அங்கே பிறப்பு அண்மையில்தான் நடந்திருக்கிறது. ஆனால் தூசி அதை விழுங்கிவிடுகிறது. விழுங்கிய தூசி மைனஸ் 240 டிகிரி செல்சியஸ் அளவுக்குத்தான் 'சூடாகும்'. அந்தச் சூடு அகச்சிவப்பாக, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியாக, வெளியே வரும். சூரியனைப் போல ஆயிரம் கோடி மடங்கு அகச்சிவப்பு வந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 1.7 சூரியன்களின் எடைக்கு நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்பது 1998-ல் வானியலாளர் ராபர்ட் கெனிகட் தந்த கணக்கு. எண்ணிக்கை அல்ல, எடை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

25 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள ஆர்ப் 220 என்ற கேலக்ஸி சாதாரண ஒளியில் மங்கல்தான். 1983-ல் ஐராஸ் என்ற அகச்சிவப்பு விண்கலம் பார்த்தபோது, அகச்சிவப்பில் சூரியனைவிட லட்சம் கோடி மடங்குக்கு மேல் ஒளிர்ந்தது! படிக்கும் காலத்தில் இதைக் கேட்டு அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இன்னும் தொலைவுக்குப் போனால், பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலையும் நீண்டுவிடும். 1000 கோடி ஆண்டுகளுக்கு முன் 100 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் கிளம்பியது இங்கே 300 மைக்ரானாக வந்து சேரும். நம் காற்றிலுள்ள நீராவி அதைத் தடுப்பதால்தான் 2009-ல் 3.5 மீட்டர் ஆடியோடு ஹெர்ஷல் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினார்கள்.

ஒரு எச்சரிக்கை. கேலக்ஸியின் நடுவிலுள்ள கருந்துளையும் தூசியைச் சூடாக்கும், வயதான நட்சத்திரங்களும் சூடாக்கும். கருந்துளை காய்ச்சிய தூசி கூடுதல் சூடாக இருப்பதால் குட்டை அலைகளில் தூக்கலாகத் தெரியும்; அதை வைத்துப் பிரித்துக் கழிக்க வேண்டும். அப்புறம், தூசியில் சிக்காமல் தப்பிய புறஊதாவையும் கூட்டினால்தான் கணக்கு முழுமையாகும். அதைப் பார்க்கும் தொலைநோக்கி நம் அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் இருக்கிறது. 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அடுத்த ராக்கெட் கிளம்பும் நாளில் மாடியேறி வடக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் தெரியும்.