விடைபெற்று வந்த பள்ளி

கேள்வி: நேபாள மலைக்கிராமப் பள்ளியொன்றில் இரண்டாண்டுகள் தன்னார்வ ஆசிரியையாக ஆங்கிலம் கற்பித்துவிட்டு, சென்ற மாதம் ஊர் திரும்பினேன். கடைசி நாளில் பிள்ளைகள் செவ்வந்தி மாலை சூட்டி, அரிசியும் தயிரும் குழைத்த டீக்காவை நெற்றியில் இட்டார்கள். சுண்ணக்கட்டித் தூள் படிந்த அந்தச் சிறு விரல்கள் கண்ணைவிட்டு அகலவில்லை. அவர்களைப் பாதியில் விட்டுவந்ததாக மனம் உறுத்துகிறது.
– வாசகி, கோவை

பதில்: சகோதரி, மனம் ஒன்றிக் கற்பித்தவருக்கே இந்த உறுத்தல் வரும், அதை விரட்ட வேண்டாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1962 முதல் நேபாளத்துக்குத் தன்னார்வ ஆசிரியர்களை அனுப்பிவந்த அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் அமைப்பு, உள்நாட்டுப் போர் காரணமாக 2004இல் பணியை நிறுத்தி, 2012இல்தான் திரும்பியது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளிலும் அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்கள் உள்ளூர் ஆசிரியர்களே. உங்கள் வகுப்பும் இப்போது அத்தகைய ஒருவரின் கையில்தான் இருக்கும். எந்தப் பிள்ளை எழுத்துக்கூட்டத் திணறுகிறது, எது வாய் திறக்கக் கூசுகிறது என்பன உங்களுக்கே தெரியும் என்பதால், அவற்றைப் பாடக்குறிப்புகளுடன் அவருக்கு விரிவாக எழுதியனுப்புங்கள். திரும்பி வருவதாகப் பிள்ளைகளுக்கு மட்டும், உறுதியில்லாமல், வாக்களித்துவிடாதீர்கள். அவர்கள் வழிபார்த்துக் காத்திருப்பார்கள். அங்கே புதிய கல்வியாண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கும் வைசாக மாதத்தில் தொடங்குகிறது. அதற்குள் உங்கள் கடிதம் போய்ச் சேரட்டும்.