விற்பனைக்குப் பின் வானொலியின் பெயர் யாருக்கு? அமெரிக்க அழைப்புக்குறிகள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனங்களின் உரிமப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில், வானொலி ஆர்வலர்களான இக்குழுவினர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். அழைப்புக்குறி என்று நான் குறிப்பிடுவது, அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் ஒவ்வொரு நிலையத்துக்கும் வழங்கும், ‘கே’ அல்லது ‘டபிள்யூ’ என்று தொடங்கும் எழுத்துத் தொடரை.

கேள்வி: நிலையம் விற்கப்பட்டால் அழைப்புக்குறி வாங்குபவருக்குப் போகுமா, விற்பவரிடமே தங்குமா?

யாரும் எதுவும் செய்யாவிட்டால் அது உரிமத்தோடு ஒட்டிக்கொண்டு வாங்குபவரிடம் போய்ச் சேரும். உரிமம் கைமாற ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைத்துப் பணம் கைமாறிய மறுநாளும் அந்த நிலையம் பழைய எழுத்துகளையே சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் விற்பவர் அந்த எழுத்துகளைத் தமக்கென வைத்துக்கொள்ள விரும்பினால், விற்பனை ஒப்பந்தத்திலேயே அதை எழுதி, குறிப்பிட்ட நாளுக்குள் வாங்குபவர் வேறு குறிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பார். இங்கே மூன்று பொருள்கள் இருக்கின்றன: ஒலிபரப்பும் உரிமம், ஆணையம் தந்த அழைப்புக்குறி, நேயர்கள் அறிந்த செல்லப்பெயரும் இலச்சினையும். இம்மூன்றையும் ஒன்றென்று நினைத்துக் கையெழுத்திடுபவர்கள்தாம் பிறகு வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று இப்போதே தோன்றுகிறது.

கேள்வி: ஒரே எழுத்துகள் வெவ்வேறு நிலையங்களுக்கு இடம் மாறியதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. 1921இல் நியூவார்க் நகரில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் டபிள்யூ.ஜே.இசட். என்ற நிலையத்தைத் தொடங்கியது. 1923இல் அதை ஆர்.சி.ஏ. (ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா) எடுத்துக்கொண்டு நியூயார்க்குக்குக் கொண்டுபோனது. பின்னர் அது, பல நிலையங்களுக்கு நிகழ்ச்சிகளை வழங்கிய என்.பி.சி. நிறுவனத்தின் ‘நீல’ வலையமைப்புக்குத் தலைமை நிலையமாயிற்று. அந்த வலையமைப்பு 1943இல் தொழிலதிபர் எட்வர்ட் நோபிளுக்கு விற்கப்பட்டு, பின்னர் ஏ.பி.சி. ஆனது. இயல்பாகவே ஏ.பி.சி. தன் தலைமை நிலையத்துக்கு டபிள்யூ.ஏ.பி.சி. என்ற பெயரை விரும்பும் அல்லவா? ஆனால் அந்த எழுத்துகள், அட்லாண்டிக் பிராட்காஸ்டிங் கம்பெனி என்பதன் சுருக்கமாக, போட்டியாளரான சி.பி.எஸ்.ஸின் நியூயார்க் நிலையத்திடம் இருந்தன. 1928இல் அந்நிலையத்தை வாங்கியபோது சி.பி.எஸ். பழைய பெயரையும் சேர்த்தே பெற்றுக்கொண்டிருந்தது. 1946 நவம்பர் 2 அன்றுதான் சி.பி.எஸ். தன் நிலையத்தை டபிள்யூ.சி.பி.எஸ். என்று மாற்றிப் பழைய எழுத்துகளை விட்டது. 1953இல் டபிள்யூ.ஜே.இசட். நிலையம் டபிள்யூ.ஏ.பி.சி. ஆனது.

ஆளில்லாமல் கிடந்த டபிள்யூ.ஜே.இசட். என்ற எழுத்துகளை, 1957இல் பால்டிமோரில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தை வாங்கிய வெஸ்டிங்ஹவுஸ் அதற்குச் சூட்டியது. தான் பெற்ற பெயரை 34 ஆண்டுகள் கழித்து வேறு ஊரில், வேறு ஊடகத்தில் அந்நிறுவனம் மீட்டுக்கொண்டதை நினைக்கும்போதெல்லாம், தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல என்று தோன்றும்.

கேள்வி: புதிய உரிமையாளர் கட்டாயம் பெயரை மாற்ற வேண்டுமா?

இல்லை.

கேள்வி: விட்டுவிட்ட எழுத்துகளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா?

முந்திக் கேட்பவருக்கே கிடைக்கும். வணிகப் பெயர் உரிமை பற்றிய சண்டையை ஆணையம் தீர்த்துவைக்காது. அதற்கு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நான் பணிபுரிந்த ஒரு நிறுவனம், புதிய குறி உறுதியாகும் வரை பொறுக்காமல், வாங்கிய நிலையத்தின் புகழ்பெற்ற எழுத்துகளைக் கைவிட்டது. ஒரு வாரத்துக்குள் அதே நகரத்துப் போட்டி நிலையம் அவற்றைச் சூடிக்கொண்டு, பழைய நேயர்களைத் தன் பக்கம் இழுத்தது. எங்களுக்கு வேறோர் அவமானமும் காத்திருந்தது. ஒவ்வொரு மணி நேரத்தின் தொடக்கத்தையும் ஒட்டி அழைப்புக்குறியையும் உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் அடுத்தடுத்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. மாற்றம் நிகழ்ந்த இரவில், நிகழ்ச்சிகளைத் தானே ஓட்டும் கணினியில் எல்லாப் பதிவுகளையும் மாற்றிவிட்டோம், விடியற்காலை மூன்று மணிப் பதிவைத் தவிர. மூன்று மணிக்கு எங்கள் நிலையம் கணீரென்ற குரலில் போட்டியாளரின் பெயரைச் சொல்லியது.

ஆகவே பல நிறுவனங்கள், தற்போது தேவைப்படாத நல்ல எழுத்துகளை, தமக்குச் சொந்தமான ஏதோ ஒரு சிற்றூர் நிலையத்தின் மீது ‘நிறுத்தி’ வைக்கின்றன.

கேள்வி: என் மைத்துனர் டெக்சாஸில் ஒரு சிறு நிலையத்தை வாங்கப்போகிறார். எழுத்துகளும் அவருக்கு வருமா?

முதல் பதிலைப் படிக்கவும். ஒப்பந்தத்தின் சொத்துப் பட்டியலில் அழைப்புக்குறியும் செல்லப்பெயரும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளனவா என்று அவர் பார்க்கட்டும்.

கேள்வி: வானொலியும் தொலைக்காட்சியும் வெவ்வேறு முதலாளிகளுக்குப் போய்விட்டால் ஒரே எழுத்துகள் எப்படி நீடிக்கின்றன?

முதலில் அந்தக் குறியை வைத்திருப்பவர் எழுத்து மூலம் இசைவு தந்தால், ‘எஃப்.எம்.’, ‘டி.வி.’ போன்ற பின்னொட்டோடு மற்றவர் பயன்படுத்தலாம். டபிள்யூ.ஏ.பி.சி. வானொலி 2007இல் சிட்டடெல் நிறுவனத்துக்கும், பிறகு குமுலஸுக்கும், 2020இல் ரெட் ஆப்பிள் நிறுவனத்துக்கும் போயிற்று. தொலைக்காட்சி டிஸ்னியிடமே இருக்கிறது. எழுத்துகள் இரண்டிலும் தொடர்கின்றன. மாறாக 880 கிலோஹெர்ட்ஸில் இருந்த டபிள்யூ.சி.பி.எஸ். 2024இல் விற்கப்படவில்லை; நடத்தும் பொறுப்பு மட்டும் வேறு நிறுவனத்துக்குப் போனபோதே, அவ்வாண்டு ஆகஸ்டில், அது டபிள்யூ.எச்.எஸ்.கியூ. ஆகிவிட்டது.

கேள்வி: நியூயார்க்கின் விளையாட்டு வானொலி டபிள்யூ.எஃப்.ஏ.என். 1987இல் தொடங்கியது என்று படித்தேன். ஆனால் 660 கிலோஹெர்ட்ஸ் நிலையம் 1922இலிருந்து இருக்கிறதே?

இரண்டும் சரி. எம்மிஸ் நிறுவனம் 1987 ஜூலை 1 அன்று 1050 கிலோஹெர்ட்ஸில் டபிள்யூ.எஃப்.ஏ.என்.னைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அது என்.பி.சி.யிடமிருந்து 660ஐ வாங்கி, 1988 அக்டோபர் 7 அன்று தன் நிகழ்ச்சிகளையும் எழுத்துகளையும் அங்கே கொண்டுபோனது. டபிள்யூ.என்.பி.சி. அன்றோடு வானொலியிலிருந்து மறைந்தது. ஒரே நகரில் இரண்டு மத்திய அலை நிலையங்களை ஒருவரே வைத்திருக்க அன்றைய விதி இடம் தராததால், 1050 வேறு கைக்குப் போயிற்று.

மறுப்பு (வேறொரு நேயர்): இது தவறான விளக்கம், ஐயா. உரிமப்படி பார்த்தால் டபிள்யூ.என்.பி.சி. தன் பெயரை டபிள்யூ.எஃப்.ஏ.என். என்று மாற்றிக்கொண்டது. நிலையம் எங்கும் ‘போகவில்லை’.

உரிமப்படி நீங்கள் சொல்வதே சரி. அந்த உரிமம் 1922இல் டபிள்யூ.இ.ஏ.எஃப். என்று தொடங்கி, 1946இல் டபிள்யூ.என்.பி.சி. என்றும், 1954இல் டபிள்யூ.ஆர்.சி.ஏ. என்றும், 1960இல் மீண்டும் டபிள்யூ.என்.பி.சி. என்றும் மாறி, கடைசியில் டபிள்யூ.எஃப்.ஏ.என். ஆயிற்று. ஆனால் அன்று மாலை காரில் 1050ஐக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம் ‘உங்கள் நிலையம் எங்கும் போகவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.

மறுப்பு: அப்படியானால் வரலாறு எழுதுபவர்கள் எதைப் பின்பற்றுவது?

ஆணையத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பெயரும் முதலாளியும் மாறினாலும் அந்த எண் மாறாது. உரிமத்தின் வரலாற்றை எழுதுபவர் எண்ணைப் பிடித்துக்கொள்ளட்டும். நிகழ்ச்சிகளின் வரலாற்றை எழுதுபவர் எழுத்துகளைப் பின்தொடரட்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலப்பதுதான் குழப்பத்துக்கு வேர். அதே விற்பனையில் பண்பலையில் நடந்தது இன்னும் வேடிக்கை: எம்மிஸின் டபிள்யூ.கியூ.எச்.டி. 103.5இலிருந்து 97.1க்கு வந்தது, 97.1இல் இருந்த டபிள்யூ.ஒய்.என்.ஒய். 103.5க்குப் போனது. இதில் எது எதுவாக மாறியது என்று நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே ‘டபிள்யூ’, மேற்கே ‘கே’ என்றால் பிட்ஸ்பர்கில் கே.டி.கே.ஏ. எப்படி?

அந்தக் கோடு வகுக்கப்படுமுன்பே, 1920இல் பெற்ற குறி அது. பழையவர்களை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

கேள்வி: நான் இந்திய அமெச்சூர் வானொலியாளர் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்ளும் ‘ஹாம்’). என் வி.யூ.3 குறியையும் கருவியோடு விற்கலாமா?

இது என் துறை அன்று. ஆயினும் அது உங்கள் பெயருக்கு வழங்கப்பட்ட குறி; கருவியை மட்டும் விற்கலாம். மற்றதை உங்கள் ஊர் ஹாம் கழகத்தில் கேளுங்கள்.

கேள்வி: நிலையத்தை வாங்கினால் எழுத்துகளும் சேர்ந்து வருமா?

முதல் பதில். தயவுசெய்து முதல் பதில்.

கேள்வி: 1987இல் நியூஜெர்சியில் இருந்த என் மாமாவுக்கு டபிள்யூ.என்.பி.சி. அனுப்பிய கியூ.எஸ்.எல். அட்டை (ஒலிபரப்பைக் கேட்டதை நிலையம் உறுதிப்படுத்தி அனுப்பும் அட்டை) என்னிடம் உள்ளது. என் சேகரிப்பில் இதை டபிள்யூ.எஃப்.ஏ.என். உறையில் வைக்கலாமா?

வேண்டாம். 1987இல் டபிள்யூ.எஃப்.ஏ.என். 1050இல் அல்லவா இருந்தது! உங்கள் அட்டை டபிள்யூ.என்.பி.சி. உறையிலேயே இருக்கட்டும், உறையின் மேல் ‘660’ என்று பென்சிலால் எழுதி வையுங்கள். மேலே என்னோடு வாதிட்ட நண்பர் வந்து கேட்டால் உறையைத் திறக்காமலே காட்டலாம்.