எஸ்.பி. ரோடு போகும் முன் போர்டு பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்: ரேம் கேள்வி-பதில்

ரேம் விலை ஏற ஏற அதைப் பற்றிய கேள்விகளும் ஏறிவிட்டன. அதனால் இந்த முறை பெங்களூரு வாசகர்கள் கேட்டதில் ரேம் சமாச்சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தம்பிக்கு காலேஜ் படிப்புக்காக, ஒரு ஆபீசில் கழித்துப் போட்ட பழைய டெஸ்க்டாப்பை வாங்கினோம். நான்காம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரேம். ரொம்ப மெதுவாக இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 8 ஜிபி ரேம் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் போட்டால் ஸ்லாட்டில் இறங்கவே மாட்டேன் என்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனால் ‘பாக்கெட் பிரித்துவிட்டீர்கள், எடுக்க முடியாது’ என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். பணம் போனது போனதுதானா? (அல்சூர் வாசகி)

பதில்: முதல் வேலையாக, அதை இனிமேல் அழுத்திப் பார்க்காதீர்கள். ரேம் போனால்கூட வேறு வாங்கலாம், ஸ்லாட் உடைந்தால் மதர்போர்டே போச்சு.

உங்கள் கையில் இருப்பது டிடிஆர்4 என்ற வகை ரேம் என்று நினைக்கிறேன். நான்காம் தலைமுறை இன்டெலுக்கு வேண்டியது டிடிஆர்3. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தங்க நிறக் கால்கள் உள்ள ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அது இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்காது. டிடிஆர்3-ல் 240 கால்கள், டிடிஆர்4-ல் 288. டிடிஆர்4-ன் அடி ஓரம் நேர்க்கோடாக இல்லாமல் நடுவில் லேசாக வளைந்திருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். மின்சாரமும் வேறு, டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட். ஆள் தெரியாமல் தவறாகச் செருகிவிடக் கூடாது என்றுதான் வெட்டையே இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். அதனால் ‘கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இனி பணத்துக்கு வருவோம். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்துவிட்டால் கதை முடிந்தது என்று கடைக்காரர்களும் நம்புகிறார்கள், நாமும் நம்புகிறோம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பழுதான பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதை அந்தச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். உங்கள் ரேம் பழுதான ரேம் இல்லையே! வேறொரு போர்டில் போட்டால் ஜம்மென்று ஓடும். நீங்கள் கடையில் ‘8 ஜிபி ரேம் கொடுங்க’ என்று மட்டும் கேட்டிருந்தால், கேட்டதைத்தான் கொடுத்தேன் என்று அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதே நேரம், ‘நான்காம் தலைமுறை ஐ5-க்கு வேணும்’ என்று சொல்லியோ, வாட்ஸ்அப்பில் போர்டு படத்தை அனுப்பியோ வாங்கியிருந்தால், கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போய்க் காட்டியிருந்தால், பேச்சே வேறு. உங்களுக்கு எது தேவை என்று தெரிந்தே பொருந்தாததைக் கொடுத்திருக்கிறார், அது அவர் பொறுப்பு. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். முதலில் மாற்றித் தரச் சொல்லுங்கள், பணம் கேட்பதைவிட மாற்றிக் கேட்டால் அந்தத் தெருவில் சீக்கிரம் காரியம் நடக்கும். மசியவில்லை என்றால் 1915-க்குப் போன் போட்டு தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகாரைப் பதியுங்கள், தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஒரு ரேமுக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

அடுத்த முறை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஸ்டார்ட் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்று தேடித் திறந்தால் ‘பேஸ்போர்டு ப்ராடக்ட்’ என்ற வரியில் போர்டின் மாடல் இருக்கும். கேபினட்டைத் திறந்தால் போர்டின் மேலேயே பெரிதாக அச்சடித்தும் இருக்கும். அந்த மாடலைச் சொல்லி, ‘இந்த போர்டுக்கு’ என்று பில்லிலேயே பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். எழுதுகிறவர், எழுதும்முன் ஒருமுறை சரிபார்ப்பார், நமக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னொரு விஷயம், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினில் நிறையப் பணம் போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். பழைய டிடிஆர்3 8 ஜிபி ஒன்று, சின்ன எஸ்எஸ்டி ஒன்று, லினக்ஸ் போட்டால் தம்பி படிக்க அது தாராளம். அந்தத் தலைமுறையில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபிதான் உச்சம் என்பதால் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக் என்று யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வேண்டாம்.

கேள்வி: என் லேப்டாப் பத்தாம் தலைமுறை ஐ5. இருப்பது 8 ஜிபி, 2666 வேகம். இன்னொரு 8 ஜிபி போடலாம் என்றால் கடையில் 3200 தான் இருக்கிறது என்கிறார்கள். பொருந்துமா? பிராண்டும் வேறு. (ஒயிட்ஃபீல்ட்)

பதில்: பொருந்தும். 3200 ஸ்டிக் இறங்கி வந்து 2666-ல் ஓடும். இரண்டு வேகம் கலந்தால் மெதுவானதன் வேகத்துக்கே இரண்டும் ஓடும், அவ்வளவுதான். பிராண்டு வேறாக இருப்பதும் பெரும்பாலும் தொந்தரவு தராது, ஆனால் அபூர்வமாக இரண்டு ஸ்டிக்குகள் ஒத்துப்போகாமல் திடீர் திடீரென்று நீலத்திரை வரும். அதனால் கடையிலேயே போட்டு ஆன் செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள், அன்று இரவே மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி ஓட விடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே மாற்றக் கேட்கலாம்.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும், காலி ஸ்லாட் இருக்கிறதா? டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு 1 ஆஃப் 2’ என்று இருந்தால் நல்லது. ஆனால் போர்டிலேயே சால்டர் செய்த ரேமையும் சில லேப்டாப்களில் ஸ்லாட் என்றே காட்டும், அதனால் அதை மட்டும் நம்பிப் புறப்படாமல் பின்மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பது நல்லது. மெலிசான லேப்டாப்களில் வரும் எல்பிடிடிஆர் வகை ரேம் பெரும்பாலும் சால்டர் செய்ததுதான், அங்கே நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

திறந்ததும் இருக்கிற ஸ்டிக்கின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ‘8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-எஸ்’ என்பது போல ஒரு வரி இருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. அடுத்தது வேகம். வேகத்துக்கு அடுத்த கோட்டுக்குப் பின்னால் வருகிற எழுத்து எஸ் என்றால் லேப்டாப்பின் குட்டை ஸ்டிக், யூ என்றால் டெஸ்க்டாப், ஆர் என்றால் சர்வர். சில ஸ்டிக்கில் வேகத்துக்குப் பதில் 21300, 25600 என்று பெரிய எண் போட்டிருப்பார்கள், பயப்பட வேண்டாம், 8-ஆல் வகுங்கள், 25600 என்றால் 3200 தான். கடைக்காரரிடம் வாயால் விளக்குவதைவிட இந்தப் போட்டோவை நீட்டினால் போதும், அங்கே தமிழ், கன்னடம், இந்தி என்று எந்த மொழியில் பேசினாலும் லேபிள் ஒன்றுதான்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் ஜிஎஸ்டி மிச்சம் என்கிறார்கள். வாங்கலாமா? (பனசவாடி)

பதில்: 18 சதவீதம் மிச்சம், வாரண்டி மொத்தமும் நஷ்டம். பெரிய பிராண்டுகள் பல ரேமுக்கு ஆயுட்கால வாரண்டியே தருகின்றன, அதைக் கேட்டுப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது பில். வாரண்டிக் கோரிக்கையில் ஸ்டிக்கின் சீரியல் எண்ணையும் கேட்பார்கள் என்பதால் அதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பழைய ரேம் வாங்கும்போது மட்டும் இந்தக் கணக்கு வேறு, அங்கே வாரண்டியே கிடையாது, ‘ஒரு வாரத்துக்குள் போனால் மாற்றித் தருகிறேன்’ என்பதை ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்கினால் சரி.

கேள்வி: புதிதாக மெஷின் கட்டுகிறேன். ஏஎம்டியின் ரைசன் 7 பிராசசர், அதற்கான ஏஎம்5 போர்டு. நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று 16 ஜிபி ஸ்டிக் நான்கு போடலாம் என்று இருக்கிறேன். 7200 வேகம் கிடைக்கிறது, அதை எடுக்கட்டுமா? விலை இறங்கும் வரை காத்திருக்கலாமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

பதில்: 64 ஜிபி நிஜமாகவே வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். வீடியோ எடிட்டிங், நிறைய வர்ச்சுவல் மெஷின் என்று இருந்தால் வேண்டும், விளையாட்டுக்கும் கோடிங்குக்கும் 32 போதும். வேண்டும் என்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்குங்கள், நான்கு வேண்டாம். ஏஎம்5 போர்டில் போடுவது டிடிஆர்5, அதில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் விழுந்துவிடும். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்கிற கணக்கு: இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. காசு கொடுத்து 7200 வாங்கிவிட்டு 3600-ல் ஓட்டுவது எனக்கு மனசு ஒப்பவில்லை.

7200-ம் தேவையில்லை. ஏஎம்5-க்கு 6000, சிஎல்30 (சிஎல் என்பது கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் தாமதம்) என்று இருப்பதுதான் பலரும் போய் நிற்கிற இடம், எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. சிஎல் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், அதை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள். 6000 சிஎல்30 என்றால் 10 நானோவினாடி, 6000 சிஎல்36 என்றால் 12. பழைய டிடிஆர்4 3200 சிஎல்16-க்கும் அதே 10 தான் வரும், ஆகவே ‘30 பெரிய எண்ணாச்சே, மெதுவாக இருக்குமோ’ என்று கவலைப்பட வேண்டாம். பெட்டியில் எக்ஸ்போ என்று போட்டிருக்கிறதா பாருங்கள், ஏஎம்டி சொல்கிற அந்த 5200-ஐத் தாண்டி 6000-ல் ஓட வைக்கும் ஏஎம்டிக்கான செட்டிங் அது. எக்ஸ்எம்பி என்பது இன்டெலுக்கானது.

போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு, அவர்கள் போட்டுப் பார்த்து ஓடிய ரேம்களின் பட்டியல் இருக்கும், க்யூவிஎல் என்பார்கள். அதில் ஸ்டிக்கின் முழு பார்ட் நம்பரைத் தேடுங்கள். பிராண்டும் வேகமும் பொருந்தினால் போதாது, கடைசி எழுத்து மாறினாலும் உள்ளே இருக்கிற சிப் வேறாக இருக்கலாம். பட்டியலில் இல்லாததால் ஓடாது என்று அர்த்தமில்லை, இருந்தால் நிம்மதி.

இரண்டு ஸ்டிக்கையும் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும், போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறி ஆஃப் செய்துவிட்டு கடைக்கு ஓடாதீர்கள், ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

காத்திருப்பதா? உலகத்தில் ரேம் சிப் செய்கிற பெரிய கம்பெனிகள் மூன்றுதான், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ டேட்டா சென்டர்கள் நல்ல விலை கொடுப்பதால் மூவரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள், நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் சரக்கு குறைந்து 2025 கடைசியில் விலை எகிறியது. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூசியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. வேலைக்குத் தேவை என்றால் இப்போதைக்கு 16 ஜிபி இரண்டு வாங்கி ஓட்டுங்கள். பின்னால் போதவில்லை என்றால் அதை விற்றுவிட்டு 32 இரண்டுக்கு மாறலாம், மேலே இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்ற திட்டம் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஆன்லைனில் பெரிய ரேம் பாதி விலைக்கு வருகிறது, ‘ஏஎம்டிக்கு மட்டும்’ என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் ‘சர்வர் கிரேடு’. வாங்கலாமா? (கே.ஆர். புரம்)

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த ‘ஏஎம்டிக்கு மட்டும்’ டிடிஆர்3 ஸ்டிக்குகளில் சிப் அடுக்கியிருக்கும் முறையே வேறு, பழைய ஏஎம்டி போர்டுகள் சிலதில்தான் அது ஓடும், இன்டெல் போர்டு அதைக் கண்டுகொள்ளாது. சர்வர் ரேம் இன்னும் மோசமான ஏமாற்றம், ஏனென்றால் டிடிஆர்4-ல் அது நம் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும், கம்ப்யூட்டர்தான் ஆன் ஆகாது. லேபிளில் ஆர் எழுத்து இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் ஆன்லைன் வணிக விதிகள் சொல்கின்றன, ‘எல்லா டெஸ்க்டாப்புக்கும் பொருந்தும்’ என்று அதில் எழுதியிருந்தால் உங்களுக்கு அதுவே ஆதாரம்.

கேள்வி: 3200 என்று காசு வாங்கிவிட்டு ஏமாற்றிவிட்டார்கள். டாஸ்க் மேனேஜரில் 2400 தான் காட்டுகிறது, சிபியு-ஸெட் என்ற மென்பொருளிலோ 1200 தான்! ரைசன் 5 5600, பி450 போர்டு. (ஜீவன் பீமா நகர்)

பதில்: ஏமாற்றவில்லை. சிபியு-ஸெட் காட்டுவது கடிகார வேகம், ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு முறை தரவு போவதால் 1200 என்பதும் 2400 என்பதும் ஒன்றுதான். மீதி 800 பயாஸில், அதாவது போர்டின் செட்டிங் திரையில், மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆன் செய்யும்போது டெலிட் பட்டனைத் தட்டி உள்ளே போய் எக்ஸ்எம்பி என்பதை இயக்குங்கள் (உங்களுடையது டிடிஆர்4 போர்டு, அதில் ஏஎம்டி என்றாலும் எக்ஸ்எம்பிதான்), அசூஸ் போர்டில் டிஓசிபி என்றும் எம்எஸ்ஐ-யில் ஏ-எக்ஸ்எம்பி என்றும் இருக்கும். சேமித்துவிட்டு வெளியே வந்தால் 3200 காட்டும். அப்படியும் காட்டாவிட்டால் சிபியு-ஸெட்டில் எஸ்பிடி என்ற பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஸ்டிக்கில் நிஜமாகவே 3200 எழுதியிருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.