ஆயில் கறுத்தால் போலி என்று அர்த்தமா?

கேள்வி: 2008 இனோவா 2.5 டீசலை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2.4 லட்சம் கி.மீ. ஓடியிருக்கிறது. பழைய இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில்தான் என்கிறார் மெக்கானிக். கடைக்காரர் அதைவிட இளக்கமான 5டபிள்யூ-30 சிந்தெடிக் என்கிறார். போன மாதம் மாற்றிய ஆயில் 200 கிலோமீட்டரிலேயே கறுத்துவிட்டது. போலியாக இருக்குமோ?
– ஒரு வாசகர், திருச்செங்கோடு

பதில்: கறுத்ததற்குப் பயப்படாதீர்கள். டீசல் இன்ஜினில் புகைக்கரி ஆயிலில் கலந்தே தீரும். அதை உள்ளே படியவிடாமல் சுமந்து வருவது ஆயிலின் வேலை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மோர் மாதிரி வெளுத்திருந்தாலோ, ஊற்றாமலே அளவு ஏறி டீசல் வாடை அடித்தாலோதான் வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

உங்கள் வண்டிக்கு இரண்டுக்கும் நடுவிலான 15டபிள்யூ-40 போதும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏபிஐ சிஐ-4 அல்லது சிகே-4 என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். 'சி'யில் தொடங்கினால் டீசலுக்கு, 'எஸ்' என்றால் பெட்ரோலுக்கு. இதைப் படிக்காமல்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

கெட்டி ஆயில் தேய்ந்த இன்ஜினைச் சரிசெய்யாது, புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான். 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு இறங்கவில்லையென்றால் 20டபிள்யூ-50 பேச்சே வேண்டாம். சிந்தெடிக்கால் கெடுதல் இல்லை, இந்த வண்டிக்குக் காசுதான் வீண்.

ஒரு விதிவிலக்கு. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பழைய ஸ்கோடா லாரா 1.9 டீசல் வைத்திருப்பவர்கள் இந்த 15டபிள்யூ-40ஐ ஊற்றவே கூடாது. அதில் வால்வைத் திறக்கிற அதே கேம்ஷாஃப்ட் தண்டுதான் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்காத ஆயில் என்றால் அந்தத் தண்டின் மேடுகள் தேய்ந்துவிடும். டப்பாவில் ஃபோக்ஸ்வாகன் 505.01 என்ற தர எண் இருக்க வேண்டும். 'அதே மாதிரிதான் சார்' என்று எதையாவது நீட்டுவார்கள், வாங்காதீர்கள். 505.01, அந்த எண்ணேதான்.

சரி, போலி விஷயத்துக்கு வருவோம். கறுப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, டப்பாவைத்தான் பார்க்க வேண்டும். சில டப்பாக்களின் மூடிக்குள் மெக்கானிக்குப் பரிசு டோக்கன் இருக்கும். அவர் சிபாரிசு செய்யும் ஆயில் எது என்பதை பல நேரம் அந்த டோக்கன்தான் தீர்மானிக்கிறது. காலி டப்பா பழைய இரும்புக் கடை வழியாகப் போய் மறுபடி நிரம்பி வருகிறது. இதைத் தடுக்க வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பில் கேட்டால் 'பில் போட்டா ரேட் ஏறும்' என்பார் கடைக்காரர். ஏறட்டும், போடச் சொல்லுங்கள்.

டப்பாவை நீங்களே வாங்கிப் போய், சீலை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் நான் ஸ்க்ரூடிரைவரை வாங்கி டப்பாவில் நாலு குத்துக் குத்திவிடுவேன். போன தடவை பட்டறைப் பையன் முகம் சுண்டிப்போனது. 'சார், அதுக்கு முப்பது ரூபா கிடைக்கும்' என்றான். முப்பதைக் கையில் கொடுத்துவிட்டு, ஓட்டை டப்பாவோடு வீட்டுக்கு வந்தேன்.