சேஜ் விதை முளைக்கலையா? அனுப்பினவரைச் சந்தேகப்பட வேண்டாம்

வணக்கம்ங்க. பாலக்கோட்டில் மொட்டை மாடித் தொட்டியில் சித்திரை மாசம் சேஜ்ங்கிற வாசனை மூலிகை விதை போட்டு, மூணு வாரமாகியும் முளைக்கலை, தபாலில் பழைய விதை வந்துடுச்சோன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு வெயில் மேலதான் சந்தேகம். சேஜ் நல்லா முளைக்க 15 முதல் 21 டிகிரி வேணும். சித்திரையில் நம்ம மாடியில் அது ஏது? ஓசூர், தளி பக்கம் கொஞ்சம் பரவாயில்லை. நீங்க ஐப்பசிக்கு மேல் போடுங்க.

இப்பவே தெரியணும்னா பத்து விதையை ஈரத் துணியில் மடிச்சு, வீட்டுக்குள்ளே மண்பானையை ஒட்டி வையுங்க. ரெண்டு முளைவிட்டாலும் விதைக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். மீதியைக் காத்துப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வச்சிடுங்க.

நீங்க விதைச்ச அரை அங்குல ஆழம் அதிகம். கேழ்வரகைவிடச் சற்றுப் பெரிய விதைதானே, மேலே லேசா மணல் தூவினால் போதும். செம்மண்ணில் தாராளமா மணல் கலக்கணும். தண்ணி தேங்கினால் நாத்து அடித்தண்டு கருத்துச் சாஞ்சிடும்.

சேஜ் விதை அனுப்பினவருக்குப் பதிலுக்கு நீங்க திருநீற்றுப்பச்சை விதை தர்றது அருமையான யோசனை. கதிர் பழுப்பாகிக் காய்ஞ்சதும் கையால் கசக்கி ஊதி எடுங்க. தண்ணியில் அலசிடாதீங்க, நிமிஷத்தில் வழவழன்னு ஊறிடும். பக்கத்தில் ஊதா ரகமும் பூத்திருந்தால் தேனீ ரெண்டையும் கலந்திருக்கும். அதை மறைக்காமல் உறைமேல் எழுதுங்க, விதை எடுத்த மாசத்தையும் சேர்த்து. அவர் கேட்ட ஓமவல்லிக்கு விதை தேட வேண்டாம், ஒரு கிளையை ஒடிச்சு அனுப்புங்க.